சில்லு போன மவுத்பீஸைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாதஸ்வரத்தின் மேல்முனையில் செருகி ஊதும் சீவாளியைச் செய்யும் திருவாவடுதுறைத் தொழிலைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. என் அப்பா நாதஸ்வரக்காரர். சீவாளியைச் சுரண்டி, ஈரம் பண்ணி, ஊதிப் பார்த்து, மறுபடி சுரண்டி, தன் வாய்க்குச் சரியாக வந்த பிறகுதான் மேடை ஏறுவார். நான் கத்ரி கோபால்நாத் கேசட்டுகளைக் கேட்டு சாக்ஸபோனுக்கு வந்துவிட்டேன். முப்பது வருடமாகக் கல்யாணங்களிலும் கோயில்களிலும் ஆல்டோ வகை சாக்ஸபோன் வாசிக்கிறேன். எங்களுக்குச் சீவாளியின் இடத்தில் இருப்பது வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸும், அதன்மேல் கட்டும், ஊதினால் அதிரும் மெல்லிய தகடான ஒற்றை ரீடும்தான். ரீடு போனால் மாற்றுகிறோம். மவுத்பீஸ் பழுதானால் என்ன செய்வது என்று எங்களில் பலருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து கருவியைத் துடைக்கும்போது என் மவுத்பீஸ் மண்டபத்துக் கிரானைட் தரையில் விழுந்தது. நுனியில் ரவை அளவுக்கு ஒரு சில்லு போய்விட்டது. மறுநாள் முகூர்த்தத்தில் மேல் ஷட்ஜமத்தைத் தொட்டாலே கீச்சென்றது. ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், 'புதுசு வாங்கிடுங்க' என்றார்கள். பதினைந்து வருடம் என் மூச்சுக்குப் பழகிய பொருள் அது. மனசு கேட்கவில்லை.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் விலை குறைந்த பிளாஸ்டிக் மவுத்பீஸ்களில் பழகினேன், ஏனென்றால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. வேண்டியதெல்லாம் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 600, 1000 நம்பர் உப்புத்தாள், டூவீலர் மெக்கானிக்குகள் எஞ்சினில் டேப்பெட் இடைவெளி பார்க்கும், மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ். ரீடு உட்காரும் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கேஜின் மிக மெல்லிய தகட்டை நுனியிலிருந்து செருகினால், நுனியை நோக்கி ரீடை விட்டு விலகும் வளைவு தொடங்கும் இடத்தில் அது நின்றுவிடும். இடது விளிம்பிலும் வலது விளிம்பிலும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். என்னுடையதில் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்! நுனியில் விழுந்த அடி அவ்வளவு உள்ளே வந்திருக்காது. முதலிலிருந்தே அது கோணல். அதனால் காற்று கசிந்ததற்கு ரீடைக் குற்றம் சொல்லி எத்தனை நல்ல ரீடுகளை வீசியிருக்கிறேன்.

சில்லு மறையும்வரை நுனியைத் தேய்த்தேன். நுனி குட்டையானதும் ரீடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறுகிவிட்டது. வளைவை மறுபடி தேய்த்து 1.8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அப்போதே வளைவைக் கொஞ்சம் நீளமாகவும் எடுத்தேன். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைப்பதில் விரலைவிட உதடும் தாடையும்தான் அதிகம் வேலை செய்கின்றன. வளைவு நீளமாக இருந்தால் ரீடு அந்த அசைவுக்கு இணங்கி வரும். அப்புறம் ரீடைக் கட்டி, பின்துளையை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சி வாயை எடுத்துப் பார்க்க வேண்டும். ரீடு ஒரு விநாடி ஒட்டி நின்று 'டப்' என்று விடுபட்டால் கசிவு இல்லை. நான்காம் நாள் ராத்திரி அந்தச் சத்தம் கேட்டது. இன்றும் அதில்தான் வாசிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல மவுத்பீஸ்கள் பல எபோனைட்டில் செய்தவை, அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். அதைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவினாலும் வெயிலில் போட்டாலும் நிறம் மாறிப் பச்சையடிக்கும், கந்தக வாடையும் வரும். பச்சைத் தண்ணீரே போதும். தேய்க்கும்போது தூள் மூக்கில் ஏறாமல் ஈரமாகவே தேய்க்க வேண்டும்.

மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு மாற்ற ஆள் உண்டு. சாக்ஸபோனை வாசிக்கிற எங்களுக்குப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒருவர் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் சொல்லித்தருகிறார்கள். அங்கே வருடத்துக்கு ஒரு வாரமாவது, சீவாளி செய்பவர்களையும் அழைத்து, ஊதுகருவிகளைப் பழுது பார்க்கும் பயிற்சி நடத்தக் கூடாதா? கலை பண்பாட்டுத் துறை இதைக் கவனிக்க வேண்டும். கூப்பிட்டால், எனக்குத் தெரிந்ததைச் சம்பளம் வாங்காமல் சொல்லித்தர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சாக்ஸபோன் கலைஞர்,
மயிலாடுதுறை