ஹார்டி நம்மைப் பார்க்கும் நேரம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் ஊர் டிவியில் ஒல்லி லாரல், குண்டு ஹார்டி ஜோடியின் படங்களையும் அந்தக் காலத்துச் சின்னச் சிரிப்புப் படங்களையும் வெட்டாமல், புதுசு போலச் சீர்செய்து போடுகிறார்கள் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள், உனக்கும் ஆபீசுக்கு நேரமாகிவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

சீர்செய்திருப்பதைவிட வெட்டாமல் போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தோஷம். சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் ரூமில் நின்று நின்று நான் தெரிந்துகொண்டது இது: சண்டைப் படத்தில் ஒரு நிமிஷம் போனாலும் ஜனங்கள் கதையைப் பிடித்துக்கொள்வார்கள். சிரிப்புப் படத்தில் ஒரு செகண்ட் போனால் சிரிப்பே போச்சு.

நம் கொட்டகையில் சில நாள் பெரிய படத்துக்கு முன்னால் சாப்ளின் ரீல் ஓட்டுவோம். எத்தனையோ ஊர் சுற்றி வந்த பிரிண்ட், கீறல் விழுந்து திரையில் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும். பிலிம் அறுந்தால் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசை தடவி, அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு பிரேம், அதாவது பிலிமில் உள்ள தனித்தனிப் படம், போய்விடும். செகண்டுக்கு 24 பிரேம் ஓடுகிற மெஷினில் இரண்டு பிரேம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அறுந்த இடத்திலேயேதான் திரும்பத் திரும்ப அறும். வருகிற ஊரெல்லாம் இரண்டிரண்டாகப் போய், கடைசியில் ஒரு முழு அசைவே காணாமல் போய்விடும்.

1917-ல் வந்த ‘ஈஸி ஸ்ட்ரீட்’ படம். சாப்ளின் புதுசாகச் சேர்ந்த போலீஸ்காரர், எதிரே ஒரு தடியன். தன் பலத்தைக் காட்டத் தெருவிளக்குக் கம்பத்தையே வளைக்கிறான். விளக்கு கீழே வந்ததும் சாப்ளின் சட்டென்று அவன் முதுகில் தாவி, விளக்குக் கூட்டை அவன் தலையில் கவிழ்த்து, விளக்குக்கு வரும் எரிவாயுவைத் திறந்துவிடுகிறார். எங்களுக்கு வந்த பிரிண்டில் கம்பம் வளைவதற்கும் தலையில் விளக்கு கவிழ்வதற்கும் நடுவில் இருந்தது போயிருந்தது. கம்பம் வளையும், உடனே தலையில் விளக்கு இருக்கும். தரை டிக்கெட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிற்பாடு வேறொரு பிரிண்ட் வந்தது. அதில் சாப்ளின் கம்பத்தைப் பார்க்கிறார், தடியனைப் பார்க்கிறார், அப்புறம்தான் தாவுகிறார். கீற்றுக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஆள் தாவியதற்கு அல்ல, அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற நம் ஊரைப் பற்றி உனக்கே தெரியும். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். எம்.ஜி.ஆர். படம் போட்டால் ஒரு பக்கம் விசில், நசீர் படம் போட்டால் இன்னொரு பக்கம். பேச்சில் வரும் ஜோக்குக்கு வேலந்தாவளத்துக் காய்கறி வண்டிக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் பக்கத்தில் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். மலையாளப் படம் என்றால் இது தலைகீழ். மௌனப் படத்துக்கு மட்டும்தான் கொட்டகை முழுக்க ஒரே சமயத்தில் சிரிக்கும். மேலே ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சம்பளத்தைவிட அதுதான் பெரிசாகத் தெரிந்தது.

சரி, லாரல்-ஹார்டிக்கு வருகிறேன். இதில் வெட்டு இன்னும் மோசமாகப் பாதிக்கும். சாப்ளின் வேகம், இவர்கள் நிதானம். ஏதாவது உடையும், விழும். உடனே அடுத்ததற்குப் போக மாட்டார்கள். ஹார்டி மெதுவாகத் திரும்பி நேராக நம்மைப் பார்ப்பார், ‘பார்த்தீர்களா, நான் யாரோடு காலம் தள்ளுகிறேன் என்று’ என்கிற மாதிரி. ஸ்டுடியோவில் படத்தை முதலில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி எடிட் செய்வார்களாம். அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் ஹார்டியின் முகம் திரையில் நிற்கும். அப்புறம் டிவி வந்தது. அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபத்திச் சொச்சம் நிமிஷம்தான். இரண்டு ரீல், அதாவது இருபது நிமிஷத்துக்குப் பக்கமான படமே நெருக்கி உட்கார வேண்டும். மூன்று ரீல் படம் என்றால் எங்கே கத்தி வைப்பார்கள்? ‘ஒன்றும் நடக்காத’ இடத்தில்தான் வைப்பார்கள். ஹார்டி நம்மைப் பார்ப்பது அவர்கள் கணக்கில் ஒன்றும் நடக்காத இடம்.

அப்படி மூன்று ரீல் படம்தான் 1932-ல் வந்த ‘த மியூசிக் பாக்ஸ்’. கிட்டத்தட்ட 29 நிமிஷம் ஓடும். சிரிப்புக் குறும்படத்துக்கு என்று முதல்முதலாகக் கொடுத்த ஆஸ்கர் இதற்குத்தான். கதை ஒரே வரி: ஒரு பியானோவை நீளமான படிக்கட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றுவார்கள், அது உருண்டு கீழே வரும். மறுபடி ஏற்றுவார்கள், மறுபடி வரும். ஒரு வழியாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு தபால்காரர் வந்து, ‘அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே’ என்பார். நீயோ நானோ என்றால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்போம். அவர்கள் இருவரும் பியானோவை அத்தனை படியும் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, ரோடு வழியாக மேலே கொண்டுவருவார்கள்! இதில் ஒரு தடவை ஏறுவதை வெட்டினாலும் தபால்காரர் சொல்வதற்குக் கனம் இருக்காது. நாமும் கூடவே ஏறிக் களைத்திருக்க வேண்டும்.

சீர்செய்கிற வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மாப்பிள்ளைக்கும் பிடிக்கும். ஒரு ரீல் 1,000 அடி, அடிக்கு 16 பிரேம். பேசும் படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், ஆக ஒரு ரீல் 11 நிமிஷம். இரண்டு ரீல் படத்தில் முப்பதாயிரம் பிரேமுக்குப் பக்கமாக வரும், ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். எரியாமல் தப்பினாலும் பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். அசல் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டுப் போட்டு அதுவும் தேய்ந்திருக்கும். அதனால் நாடு நாடாகத் தேடி, இந்த பிரிண்டில் இந்த ஷாட் நன்றாக இருக்கிறது, அதில் அது என்று பொறுக்கிச் சேர்க்கிறார்கள். லாரல்-ஹார்டி படங்களுக்கு லாஸ் ஏஞ்சலஸில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் பெரிய வேலை செய்திருக்கிறது. சாப்ளினின் ஆரம்பப் படங்களுக்கு இத்தாலியில் பொலோனியா காப்பகம். வண்ணம் பூசி விற்ற பிரிண்ட்கள் 1980களில் வந்தன. அதெல்லாம் பார்க்காதே.

1927-ல் வந்த ‘த பேட்டில் ஆஃப் த செஞ்சுரி’ படத்தில் ‘பை’ (pie) என்கிற கிரீம் பலகாரத்தை ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் வீசும் தெருச் சண்டை ஒன்று உண்டு. அந்தப் பலகாரம் 3,000 வீசினார்கள் என்பார்கள். அந்த ரீலில் கொஞ்சம் மட்டும் 1957-ல் ஒரு தொகுப்புப் படத்தில் தப்பியது, மீதியைக் காணவில்லை. 2015-ல் ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளரிடம் அந்த ரீல் முழுசாகக் கிடைத்தது. ஒரு சேகரிப்பாளரிடம் இருந்த ஒரு ரீல் போதுமாக இருந்தது, பார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் கலைவாணர் ஞாபகம்தான் வந்தது. என்.எஸ்.கிருஷ்ணன் திருவிதாங்கூராக இருந்த நாகர்கோவில் பக்கம் ஒழுகினசேரியில் பிறந்தவர். அவரும் மதுரமும் நடித்த சிரிப்புக் காட்சிகளைத் தனியாக எடுத்துப் பெரிய படத்தோடு சேர்ப்பார்கள். ஹார்டி இறந்தது 1957 ஆகஸ்ட் 7, கலைவாணர் இறந்தது அதே ஆகஸ்ட் 30. ஒருவருடைய படத்துக்கு உலகமெல்லாம் பிரிண்ட் தேடுகிறார்கள். நம்மிடம் 1931-ல் வந்த தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ ஒரு பிரிண்ட்கூட இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் எத்தனையோ அப்படித்தான் போயின. பிலிமை விற்றார்கள், எரித்தார்கள், மழையில் விட்டார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம்.

இன்னொன்று. வெட்டாமல் என்றால் நல்லது மட்டும் வராது. லாரல்-ஹார்டி படங்களைத் தயாரித்த ஹால் ரோச் 1922-ல் தொடங்கிய ‘அவர் கேங்’ (Our Gang) என்கிற சிறுவர் கும்பல் படங்கள், டிவியில் ‘லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்று வந்ததே, அதில் கறுப்பினப் பிள்ளைகளை வைத்துச் செய்த கேலிகள் உண்டு. 1971-ல் டிவிக்காக அவற்றை நிறைய வெட்டினார்கள். அதே படங்களில்தான், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளிக்கூடமே தனித்தனியாக இருந்த காலத்தில், வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே கும்பலாக விளையாடினார்கள். இரண்டும் உண்மை. முழுசாகவே போடட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் பையனைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலுக்குப் போய்விடாதே. பக்கத்தில் உட்கார். ‘இது தப்பு, அன்றைக்கு இதற்குச் சிரித்தார்கள்’ என்று சொல். அவன் நிறத்தை வைத்து நாளைக்கு யாராவது அவனிடமே விளையாடுவார்கள், அதற்கு முன்னால் உன் வாயால் கேட்டுக்கொள்ளட்டும். நம் படங்களில் கறுப்பாக இருக்கிறவர்களைக் கேலி செய்வதையும் சேர்த்துச் சொல்.

மற்றபடி எதையும் விளக்காதே. போனைப் பக்கத்தில் வைக்காதே. ‘போர்’ என்று நெளிந்தால் நெளியட்டும், அதற்காக ஓட்டிவிடாதே. முதலில் ‘மியூசிக் பாக்ஸ்’ போடு, அப்புறம் மௌனப் பட நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’. அது 1920-ல் வந்தது. தண்டவாளத்தில் மாட்டிக்கொண்ட வீடும் ரயிலும் வரும். என்ன ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் பார்த்ததில்லை. விழும்போது சிரிக்கிறானா, விழுந்த பிறகு ஹார்டி திரும்பிப் பார்க்கும்போது சிரிக்கிறானா என்று மட்டும் கவனித்து எனக்குச் சொல்.

‘மியூசிக் பாக்ஸ்’ படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸில் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கிறது, 133 படி. அந்தப் பக்கம் போனால் பையனை ஏற்றிவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஜூலையில் வரும்போது டிஸ்க் கிடைத்தால் வாங்கி வா. அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள், அவளுக்குக் குண்டுக்காரரைத்தான் பிடிக்கும். நிலக்கடலை இந்த முறை நன்றாக விளைந்திருக்கிறது, வறுத்து டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா