மைக் பிடிப்பவர்கள் கவனத்துக்கு: பிடித்த வர்ணனையும் பிடிக்காத வர்ணனையும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

காலபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் வன்னியில் மைதானங்கள் நிறையத் தொடங்கிவிடும். முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் உதைபந்தாட்டம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மென்பந்து கிரிக்கெட், எல்லா ஊரிலும் கரப்பந்தாட்டம், இடையிடையே மாட்டுவண்டிச் சவாரி. எங்கு போனாலும் ஒரு மைக், இரண்டு லவுட்ஸ்பீக்கர், ஒரு குரல். அந்தக் குரலைப் பற்றியும், அது யாரிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது பற்றியும் எழுதுகிறேன்.

எந்த வர்ணனையாளர் திறம், எவர் கூடாது என்று பேச்சு எழும்பினால் எல்லாரையும் ஒரே தராசில் ஏற்றிவிடுகிறோம். அது பிழை. வானொலி வர்ணனை ஒரு தொழில், தொலைக்காட்சி வர்ணனை இன்னொரு தொழில், மைதானத்து மைக் மூன்றாவது தொழில். வானொலி கேட்பவருக்கு எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி பார்ப்பவருக்கு முக்கால்வாசி தெரியும், மிச்சத்தைச் சொன்னால் போதும். மைதானத்தில் நிற்பவர் ஆட்டத்தை நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வேண்டியது வீரரின் பெயர், ஸ்கோர், மிச்ச நேரம், நடுவர் எதற்கு விசில் ஊதினார் என்பது. எனக்குப் பிடிக்காத வர்ணனையாளர்களில் அநேகர் இவற்றில் ஒன்றின் வேலையைக் கொண்டுபோய் இன்னொன்றில் செய்பவர்கள்.

வானொலியில் முதல் வேலை இடம் சொல்வது. 1927 ஜனவரி 22 அன்று இலண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைற்றெட்டும் ஆடியதை பி.பி.சி. நேரடியாக ஒலிபரப்பியது. மைதானத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த படம் ஒன்றை வானொலி இதழில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். ஒருவர் ஆட்டத்தைச் சொல்ல, மற்றவர் பந்து எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எண்ணைச் சொன்னார். கட்டங்கள் பிறகு கைவிடப்பட்டன, தேவை மட்டும் அப்படியே இருக்கிறது. ‘பந்து வலது பக்கம், நடுக்கோட்டுக்கு இப்பால்’ என்று சொல்லாமல் பெயர்களை மாத்திரம் அடுக்கிக்கொண்டு போனால் கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் பெயர்ப் பட்டியல்.

அடுத்த வேலை ஸ்கோர். அமெரிக்க பேஸ்போல் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றைத் தன் முன்னால் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லுவார், கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பார். ஸ்கோர் மாறியிருக்க வேண்டும் என்றில்லை. அந்த மூன்று நிமிடத்துக்குள் யாரோ ஒருவர் புதிதாக வானொலியைத் திருப்பியிருப்பார், அவருக்காகச் சொல்வது. இன்று பேஸ்புக் நேரலையில் எங்கள் ஊர் ஆட்டத்தைக் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ இடையில் வந்து பார்ப்பவருக்கும் இதே கணக்குத்தான். கைத்தொலைபேசியில் மூன்று நிமிட மணி வைத்துக்கொள்ள ஒரு சதமும் செலவில்லை.

வானொலியில் பிடித்தவர் ஒருவரைச் சொல்லச் சொன்னால் ஜோன் ஆர்லட் என்பேன். பொலிஸ்காரராக இருந்து, கவிதை எழுதி, வானொலிக்கு வந்தவர். 1946 முதல் 1980 வரை பி.பி.சி.யில் கிரிக்கெட் சொன்னார். 1980 இல் லோட்ஸில் நடந்த நூற்றாண்டு டெஸ்டில் தன் கடைசி முறை முடிந்தபோது பிரியாவிடைப் பேச்சு எதுவும் இல்லை. அடுத்துப் பேச வருபவர்களின் பெயரைச் சொல்லி மைக்கை விட்டுவிட்டார். மைதானம் முழுவதும் கைதட்டியது அதன் பிறகுதான். ஆட்டமே செய்தி, தான் செய்தி அல்ல என்பதைக் கடைசி வாக்கியம் வரை காத்தவர் அவர்.

தமிழில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். 2020 டிசம்பரில் காலமானார். கிரிக்கெட்டைத் தமிழில் கம்பீரமாகவும் சொல்லலாம் என்று அகில இந்திய வானொலியில் காட்டியவர். தமிழில் வர்ணனை சொல்வதில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. எங்கள் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘மிட்விக்கெட் திசையில் நின்ற களத்தடுப்பாளரின் தலைக்கு மேலாகப் பந்தை ஓங்கி அடித்தார்’ என்று இலக்கணமாகச் சொல்லி முடிக்கும்போது பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிக் கிடக்கும், சனம் கத்தி ஓய்ந்திருக்கும். ஆகவே வாக்கியத்தை உடைக்க வேண்டும். ‘ஓடி வருகிறார், வீசுகிறார், அடித்தார், உயரமாக, மிட்விக்கெட் பக்கம், ஆள் இல்லை, நான்கு!’ வினை முதலில், இடம் பிறகு, ஆள் அதற்குப் பிறகு. ஆட்டம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் முழு வாக்கியத்துக்குத் திரும்பலாம். நல்ல தமிழ் வர்ணனையின் சூட்சுமத்தில் பாதி இதில் இருக்கிறது.

தொலைக்காட்சியில் ரிச்சி பெனோட்டுக்கு மேல் ஆள் இல்லை. அவுஸ்திரேலியாவுக்காக 63 டெஸ்ட் ஆடியவர், டெஸ்டில் 200 விக்கெட்டும் 2000 ஓட்டமும் சேர்த்த முதலாவது வீரர். அவ்வளவு ஆடியும் ‘நாங்கள்’ என்று தன் நாட்டு அணியைச் சொல்லமாட்டார். படத்தில் தெரிவதற்கு மேலாகச் சேர்க்க ஏதும் இருந்தால் பேசு, இல்லையென்றால் வாயை மூடு என்பது அவர் விதி. இன்னொன்றையும் இளையவர்களுக்குச் சொல்லிவைத்தார்: டைட்டானிக் கப்பல் மூழ்கியது சோகம், எத்தியோப்பிய வரட்சி பேரழிவு, தவறவிட்ட பிடி இரண்டுமல்ல.

ரொனி கிரெய்க் பெனோட்டுக்கு நேர் எதிர். சத்தம் கூட, உணர்ச்சி கூட. களுவிதாரணவை ‘லிட்டில் கலு’ என்று அவர் கூப்பிட்ட விதத்தை 1996 உலகக் கிண்ணக் காலத்தில் ஆட்டம் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அவர் சத்தத்துக்குப் பின்னால் வேலை இருந்தது. ஆட்டத்துக்கு முன் ஆடுகளத்தில் குந்தி, வெடிப்புக்குள் கார்த் திறப்பைச் செருகி எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டுவார். சுழற்பந்து எப்போது திரும்பத் தொடங்கும் என்பதை வீட்டில் இருப்பவர் கண்ணால் கண்டுகொள்வார். அவரைப் பின்பற்றுகிறவர்கள் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திறப்பை விட்டுவிடுகிறார்கள்.

இயன் பிஷொப்பை எடுங்கள். 2016 ஏப்ரல் 3, கொல்கத்தா, இருபதுக்கு இருபது உலகக் கிண்ண இறுதியாட்டம். கடைசி ஓவரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 19 ஓட்டம் வேண்டும். இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் வீசிய முதல் நான்கு பந்தும் ஆறு. பிஷொப் சொன்னது அவற்றை அடித்த கார்லோஸ் பிராத்வைட் என்ற பெயரையும், அதை நினைவில் வையுங்கள் என்பதையும்தான். உலகம் அதிகம் அறியாத இளைஞன் என்பதால் பெயர்தான் அந்த நேரத்துச் செய்தி. உதைபந்தாட்டத்தில் மார்ட்டின் ரைலர் அப்படி. 2012 மே 13 அன்று 94ஆம் நிமிடத்தில் அகுவேரோ கோல் அடித்து மான்செஸ்டர் சிற்றி கிண்ணம் வென்றபோது அந்தப் பெயரை நீட்டிக் கத்தினார், பிறகு வாயை மூடிக்கொண்டார். மைதானம் பேசியது. கத்தத் தெரிந்தவர் பலர், கத்திய பிறகு நிறுத்தத் தெரிந்தவர் சிலர்.

இனிப் பிடிக்காதவை. ரவி சாஸ்திரியின் குரல் பெரிய குரல், மறுக்கவில்லை. ஆனால் கையில் தயாராக வைத்திருக்கும் சொற்றொடரை எந்தப் பந்துக்கும் எடுத்து ஒட்டுவார். எல்லைக்கோட்டுக்கு விரையும் பந்து எல்லாம் அவருக்கு ‘ட்ரேஸர் புல்லட்’, அதாவது ஒளிக்கோடு விட்டுப் பாயும் துப்பாக்கிக் குண்டு. மும்பையில் இருந்து கேட்பவருக்கு அது ஓர் உவமை. வன்னியில் அது உவமை அல்ல. எங்கள் மைதானங்களிலும் ‘எறிகணை போல வந்தது’, ‘ஷெல் அடி’ என்று சில இளம் அறிவிப்பாளர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கீழே தகரக் கொட்டகையில் இருந்து பார்க்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருப்பார், கால் இழந்தவர் இருப்பார். பந்து வேகமாகப் போனால் வேகமாகப் போனது என்று சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கத்தையாவது இந்தப் பருவத்தோடு நிறுத்த வேண்டும்.

சஞ்சய் மஞ்ச்ரேக்கருக்கு ஆட்ட நுணுக்கம் தெரியும். துடுப்பாட்ட வீரரின் கால் நகர்வை அவரைப் போல் பிரித்துச் சொல்பவர் குறைவு. ஆயினும் 2019 நவம்பரில் கொல்கத்தாவில் இளஞ்சிவப்புப் பந்து டெஸ்டில், பந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று வீரர்களிடம் கேட்டறிய வேண்டும் என, சர்வதேசக் கிரிக்கெட் ஆடாத வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே சொன்னபோது, ஆடியவர்களுக்கு அதைக் கேட்கத் தேவையில்லை என்ற தொனியில் பதில் சொன்னார். பிறகு அதற்கு வருந்தினார். ஆடாதவரின் கேள்விதான் வீட்டில் இருப்பவரின் கேள்வி. அதை அடைத்தால் வர்ணனை இரண்டு வீரர்களின் தனிப்பேச்சாகிவிடும்.

ஐ.பி.எல். தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு ஆறுக்கும் அனுசரணை நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து ‘டி.எல்.எஃப். மாக்ஸிமம்’ என்று சொல்ல வைத்தார்கள். ஆட்டத்தின் உச்சக் கணத்தை விளம்பரத்துக்கு விற்ற அந்தப் பழக்கம் இப்போது எங்கள் ஊர் மைதானம் வரை வந்துவிட்டது. இந்தியத் தொலைக்காட்சியின் தமிழ் வர்ணனையில் இன்னொரு நோய்: மூன்று நான்கு பேர் சேர்ந்து சினிமா வசனமும் பகிடியுமாகப் பேசிக்கொண்டிருக்க இரண்டு பந்து போய்விடும். சிறீகாந்தின் உற்சாகம் எனக்குப் பிடிக்கும், பத்ரிநாத்தின் நிதானமும் பிடிக்கும். ஆள் கூடினால்தான் கெடுகிறது. இரண்டு பேர் போதும். அங்குள்ள சொல்லை அப்படியே இங்கு இறக்குவதிலும் கவனம் வேண்டும். அவர்களின் கைப்பந்து எங்கள் கரப்பந்தாட்டம்.

இனி எங்கள் மைக். மைதானத்தின் இரண்டு அந்தத்திலும் லவுட்ஸ்பீக்கர் கட்டுவது வழக்கம். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். 100 மீற்றர் நீள மைதானத்தில் ஒரு கரையில் நிற்பவருக்கு மற்றக் கரைச் சத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நொடி பிந்தி வரும். வேகமாகப் பேசினால் முதற் சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையும் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். ஆகவே நாலைந்து சொல், ஒரு நிறுத்தம், பிறகு நாலைந்து சொல். முடியுமென்றால் லவுட்ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டி விரித்துத் திருப்பிவிடுங்கள், இந்தச் சிக்கலே குறையும். அறிவிப்பாளரின் மேசை லவுட்ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் மைக் கூவும்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலத்தில், சற்றுச் சரித்துப் பிடியுங்கள். வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் கூவலும் கூடும், குரலும் அடைக்கும். கோல் விழும்போது கத்தத்தான் வேண்டும், கத்தும்போது மைக்கை ஒரு சாண் விலக்குங்கள். விலக்காமல் கத்தினால் அம்பிளிஃபயரின் சிவப்பு லைட் அணையாமல் நிற்கும், சொல் கரகரவென்று உடையும், நாளடைவில் லவுட்ஸ்பீக்கரின் யூனிட் எரியும். சோளகம் வீசும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் வர்ணனை. நேரலை எடுக்கும் தொலைபேசியை லவுட்ஸ்பீக்கருக்கு அடியில் நிறுத்த வேண்டாம். பத்து மீற்றராவது தள்ளி வையுங்கள்.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன் இரண்டு அணியின் பெயர்ப் பட்டியலையும் வாங்குங்கள். எண் வரிசையில் எழுதாமல், வீரர் நிற்கும் இட வரிசையில் எழுதுங்கள்: கோல் காப்பாளர் கீழே, பின்வரிசை அதற்கு மேல், முன்வரிசை உச்சியில். கண் மைதானத்தைப் பார்க்கும் அதே ஒழுங்கில் தாளையும் பார்க்கும். ரக்பி வர்ணனையாளர் பில் மக்லாரன் வீரர்களைச் சீட்டுக்கட்டில் வைத்து, கலைத்துக் கலைத்துப் பெயர் சொல்லிப் பழகியவர். இங்கு இரவல் ஜேர்சியும் ஒரே எண்ணில் இரண்டு பேரும் சகஜம். அப்போது காலுறை நிறம், தலைமயிர், இடக்காலா வலக்காலா என்று பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கரப்பந்தாட்டத்தில் நடுவர் விசில் ஊதியதிலிருந்து பந்து நிலத்தில் விழும் வரை மைக் பேசக்கூடாது. ஓவர்கேம், செற்றப் என்ற இரண்டு ஆட்ட வகையிலும் இது ஒன்றுதான். வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தத்தை லவுட்ஸ்பீக்கர் விழுங்கினால் ஆட்டம் கெடும். புள்ளி விழுந்ததும் யார் அடித்தது, எத்தனைக்கு எத்தனை. அடுத்த சேர்விஸுக்குள் அதற்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது.

அன்பளிப்புச் செய்தவர்களின் பெயரை வாசிக்கத்தான் வேண்டும். கிண்ணமும் பந்தும் அவர்கள் காசு. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாசிக்காதீர்கள், இடைவேளையிலும் பந்து வெளியே போய் வரும் நேரத்திலும் மும்மூன்று பெயராக வாசியுங்கள். தண்ட உதைக்கு ஆள் ஓடி வரும்போது ஐஸ்கிரீம் வானை எடுக்கச் சொல்லும் அறிவித்தலும் வேண்டாம்.

நடுவரின் தீர்ப்பை மைக்கில் விமர்சிப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மைதானத்துச் சண்டை மைக்கிலிருந்தும் தொடங்கும். என்ன தீர்ப்பு என்று சொல்லலாம், சரியா பிழையா என்று சொல்ல அந்த மேசைக்கு உரிமை இல்லை. போட்டியை நடத்தும் கழகத்தின் ஆளே மைக் பிடித்து, தன் கழகம் ஆடும்போது ‘எங்கட பெடியள்’ என்று சொல்வதும் இதோடு சேர்ந்தது. இறுதியாட்டத்துக்கு அயலூர் ஆளைக் கூப்பிடுங்கள்.

வலைப்பந்தாட்டத்திலும் பெண்கள் உதைபந்தாட்டத்திலும் மைக்கில் ஆண்குரலே கேட்கிறது. இங்கிலாந்துக்கு வேகப்பந்து வீசிய ஈசா குஹா இன்று ஆண்களின் டெஸ்ட் ஒளிபரப்பையே நடத்துகிறார். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியிலிருந்தே தொடங்கலாம். ஒரு மாணவி மைக்கில், இன்னொரு மாணவி பக்கத்தில் பெயர்த் தாளோடு. பந்து யாரிடம் இருக்கிறதோ அந்தப் பெயரில் விரலை வைப்பது மட்டும்தான் இரண்டாமவரின் வேலை. பாதி ஆட்டம் முடிந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.