திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம்

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு, பதில் எழுத முடியாதபடி மூச்சிரைப்பு. இங்கே ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று வேறு.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போனேன். பஞ்சாலையில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் இருபத்தாறு வருஷம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் நெஞ்சை இறுக்குமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே நுழைந்ததும் நெஞ்சில் கல்லை ஏற்றின மாதிரி இருக்கும், புதன் வியாழனுக்குள் சரியாகிவிடும் என்று நாமெல்லாம் பேசிக்கொள்வோமே, மேஸ்திரி அதைச் சோம்பல் என்று திட்டுவாரே, அது பஞ்சுத்தூசியால் வருகிற நோயாம். பிசினோசிஸ் என்று பேர். எத்தனை பேரை பீடி இருமல் என்று சொல்லிப் புதைத்தோம் மக்கா.

அந்த ஞாயிறு லீவு கூடச் சும்மா வந்ததில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் நம்பி வேலையை நிறுத்தித்தான் கூலி உயர்வோடு வார லீவையும் வாங்கினார்கள். சங்கத்துக் கூட்டங்களில் இதைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிக்க மாட்டார்கள், அப்புறம் நம்ம பூதப்பாண்டி ஜீவா பேரைச் சொன்னால்தான் கைதட்டே வரும்.

நம்ம ஸ்டிரைக் ஞாபகம் இருக்கா? தூசியை உறிஞ்ச ஃபேன் வேணும் என்பதும் கோரிக்கையில் இருந்தது, போனஸ் பேச்சில் அதை விட்டுவிட்டோம். எனக்கு இப்போது அதுதான் உறுத்துகிறது. மில் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் கஞ்சித்தொட்டி. தோவாளையிலிருந்து ஒரு ஆத்தா தலைச்சுமையாக மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு, காசு நீட்டினபோது என் கையைத் தட்டிவிட்டாள். நூல் சுற்றுகிற வைண்டிங் பெண்கள் காந்தாரி மிளகை உப்போடு அம்மியில் நசுக்கித் தருவார்கள், கிழங்கைத் தொட்டுத் தின்றால் கண்ணில் தண்ணீர் வரும். லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்து குடித்தன, எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு மாசம் போல நான் பிறகு எங்கேயும் வாழவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது. அதைச் சொல்லி உதவி கேட்கலாம் என்றால், மில் மூடினபோது என் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. உன் டிரங்குப் பெட்டியில் பழைய சந்தா ரசீது, சம்பளச் சீட்டு, கார்டிங் என்று டிபார்ட்மெண்ட் போட்ட எதுவும் இருந்தால் பார். உனக்கும் திங்கட்கிழமை இறுக்கும் என்பாயே, திருப்பூரிலேயே ஒரு தடவை நெஞ்சைக் காட்டிவிடு. கார்டிங்கில் இருந்தேன் என்பதை மறக்காமல் சொல்லு.

உன் மக்கா