மங்கா வாசகர் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை (போக்கிமான் வாசிப்பு ஆண்டு)

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் செயலாளர் அறிக்கை வைக்க வேண்டும் என்பது விதி, அதனால் எழுதுகிறேன். வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடலாம். பொங்கல் சந்திப்பு நடந்தது. ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் படம் வரையும் நாள் வைத்தோம், நல்ல கூட்டம். தேசிய தின வாரத்தில் பழைய புத்தகப் பரிமாற்றம் நடந்தது. தீபாவளி விருந்து ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது. செயற்குழு கூட வேண்டிய நேரத்தில் கூடியது.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலை. சென்ற பொதுக்கூட்டத்தில் நான் முன்வைத்து, கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானம் அது: ஒரே ஒரு வீடியோ கேம் தொடரை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பிறந்த மங்காக்களை, அதாவது ஜப்பானியச் சித்திரக் கதைகளை, ஆண்டு முழுக்கச் சேர்ந்து படிப்பது. எடுத்துக்கொண்டது போக்கிமான், விதவிதமான பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கேம். "ஒரு கேமுக்கு ஒரு வருஷமா, அதுவும் சின்னப் பிள்ளைகள் கேமுக்கு?" என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். பதிலை அறிக்கையிலேயே எழுதிவைத்துவிடுகிறேன், பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல வேண்டாம்.

போக்கிமான் ரெட், கிரீன் இரண்டும் ஜப்பானில் கேம்பாய் என்ற கையடக்கக் கேம் கருவிக்கு வெளிவந்தது 1996 பிப்ரவரி 27 அன்று. அந்தக் கேமில் நாம் நடத்திச் செல்லும் பையன் வாய் திறந்து பேசவே மாட்டான். அவன் கோபக்காரனா, பயந்தவனா, ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவன் மனதில் என்ன இருந்தது, எதுவும் கேமில் கிடையாது. ஆடுகிறவர்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இதை மங்காவாக்க உட்காருகிறவருக்கு ஊர்கள் தயார், 151 பிராணிகள் தயார், ஆள் மட்டும் இல்லை. ஆளை அவரேதான் உண்டாக்க வேண்டும். ஷோகாகுகான் பதிப்பகம் இந்த வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுத்திருந்தால் நமக்குப் படிக்க ஒரே ஒரு மங்காதான் இருந்திருக்கும். ஆனால் ஆண்பிள்ளைகள் படிக்கும் கொரோகொரோவில் ஒன்று, பெண்பிள்ளைகள் படிக்கும் சியாவோவில் ஒன்று, பள்ளி வகுப்புக்கு ஒன்றாக வந்த மாத இதழ்களில் இன்னொன்று என்று ஒரே காலத்தில் பல கைகளில் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் வாசகருக்கு ஏற்ற ஒரு பையனையோ பெண்ணையோ உண்டாக்கினார்கள். கதைச் சுருக்கம் கேட்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால்தான் வித்தியாசம் புரியும், அதற்குத்தான் ஓர் ஆண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேம் பெரிதான பிறகு மங்கா வந்து ஒட்டிக்கொண்டது என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. போக்கிமானை உருவாக்கிய கேம் ஃபிரீக் நிறுவனத்தின் பெயரே, அதை நிறுவிய சதோஷி தாஜிரி 1983இல் கேம்களைப் பற்றித் தானே எழுதி விற்ற கையெழுத்துப் பத்திரிகையின் பெயர்தான். அந்தப் பத்திரிகைக்குப் படம் வரைய வந்தவர்தான் பின்னாளில் போக்கிமான்களை வரைந்த கென் சுகிமோரி. 1996இல் கொரோகொரோ இதழ் மியூ என்ற போக்கிமானை 20 பேருக்குத் தருவதாக அறிவித்தபோது 78,000 விண்ணப்பங்கள் வந்தன. அதே கேமின் புளூ பதிப்பு முதலில் கடைக்கே வரவில்லை, அந்த இதழ் வழியாகத் தபாலில்தான் விற்றார்கள். காகிதத்துக்கும் கேமுக்கும் தொடக்கத்திலிருந்தே கொடுக்கல் வாங்கல் உண்டு.

முதலில் படித்தது கோசாகு அனாகுபோவின் 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்'. 1996இலேயே தொடங்கியது, போக்கிமான் மங்காக்களில் முதலாவது, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. முழுக்க முழுக்கக் கேலிக்கூத்து, ஆய் ஜோக்குக்குக் குறைவே இல்லை. கூட்டத்துக்குப் பிள்ளைகளோடு வந்த இரண்டு பெற்றோர் முகம் சுளித்தார்கள். அவர்கள் வருத்தத்தை மதிக்கிறேன், ஆனாலும் இதை விட்டுவிட்டு இந்த வரிசையைப் படிக்க முடியாது. இதில் நாயகன் ரெட்டின் கூட்டாளி, மின்சாரம் பாய்ச்சும் மஞ்சள் எலியான பிகாச்சு கிடையாது, வாய்ப்பேச்சு பேசும் கிளெஃபேரி என்ற போக்கிமான். டிவி தொடர் 1997 ஏப்ரலில் வந்து பிகாச்சுவை முன்னால் நிறுத்துவதற்கு முந்திய நாட்களில் யார் போக்கிமான் தொடரின் முகமாக ஆகப்போகிறார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அந்த நாட்களின் மணம் இந்த மங்காவில்தான் இருக்கிறது.

ஆண்டிலேயே எனக்கு மிகவும் நிறைவு தந்த கூட்டம் அதற்கு அடுத்தது. நாயகனும் பிகாச்சுவும் முதல்முதலில் சந்திக்கும் பக்கங்களை மட்டும் எடுத்து மேசைமேல் வரிசையாகத் திறந்துவைத்தோம். தோஷிஹிரோ ஓனோவின் 'டெங்கெகி பிகாச்சு'வில் பிகாச்சு பையனின் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு மின்கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும், எலி என்றால் எலிதான். ஹிதெனோரி குசாகா எழுதிய 'போக்கிமான் ஸ்பெஷல்' மங்காவில் அது பியூட்டர் நகரக் கடைகளில் தின்பண்டம் திருடுகிற தொல்லை. ரெட் பிடித்த பிறகும் அவனுக்கே ஷாக் கொடுக்கும், முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். டிவியில் பேராசிரியர் கையில் எடுத்துக் கொடுத்த பிகாச்சுவை மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு பையன் இந்தப் பக்கங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எது நிஜப் பிகாச்சு?" என்று கேட்டான். பெரியவர்கள் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம், சமூக மன்றத்துக் காவலர் வந்து விளக்கை அணைக்கும் வரை. அன்றைக்கு வராதவர்களுக்கு நான் வேறு எப்படிச் சொல்வது?

ஓனோவின் மங்கா நான்கே தொகுதி. அமெரிக்கப் பதிப்பில் பெண் பாத்திரங்களின் படங்களைத் திருத்தித்தான் வெளியிட்டார்கள். காட்சிகளை அவர் அமைக்கும் விதம் இந்த மொத்த வரிசையில் ஆகச் சிறந்தது என்பது என் கருத்து. கடைசியில், போக்கிமான்களைத் திருடும் ராக்கெட் கும்பலின் ஜெஸ்ஸியும் ஜேம்ஸும் கும்பலை விட்டு விலகிக் குடும்பமாகிறார்கள், ஜெஸ்ஸி வயிற்றில் குழந்தை. டிவி தொடர் எத்தனை வருடம் ஓடியும் துணியாத முடிவு அது.

ஆண்டின் நடுப்பகுதியை 'போக்கிமான் ஸ்பெஷ'லுக்கு ஒதுக்கினேன். நம்மில் பலர் இதை 'போக்கிமான் அட்வென்ச்சர்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில்தான் படித்திருக்கிறோம். 1997இல் தொடங்கியது, ஜப்பானில் அறுபது தொகுதிகளைத் தாண்டிவிட்டது. முதல் ஒன்பது தொகுதிக்கு மாட்டோ படம் வரைந்தார், பத்தாவதிலிருந்து சதோஷி யமாமோட்டோ. தன் மனதில் இருந்த உலகத்துக்கு மிக நெருக்கமான மங்கா இதுதான் என்று தாஜிரியே சொன்னார். கேமில் ஊருக்கு ஊர் இருந்து, நாம் தோற்கடித்தால் பதக்கம் தந்து அனுப்பும் ஜிம் தலைவர்களில் மூன்று பேர், சர்ஜ், கோகா, சப்ரினா, இதில் ராக்கெட் கும்பலின் தளபதிகள். கோகாவின் ஆர்போக் பாம்பைச் சார்மிலியன் என்ற போக்கிமான் வாலால் இரண்டு துண்டாக்கும் கட்டத்தைக் காட்டினால், இது சின்னப் பிள்ளைகள் மங்கா என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வந்தது என்னவோ நான்காம் வகுப்பு இதழ் போன்ற பள்ளி இதழ்களில்தான். குழந்தைக்கு ஆபத்தே இல்லாத கதை சொல்ல வேண்டும் என்ற எண்ணம் குசாகாவுக்குக் கிடையாது, அதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த வகுப்புவாரி இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய் இன்று முதல் வகுப்பு இதழ் மட்டும்தான் வருகிறது. மங்கா நிற்கவில்லை.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் விஸ் நிறுவனம் ஏழு தொகுதியோடு நிறுத்திவிட்டு 2009இல்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அந்த இடைவெளியில் ஆங்கிலத்தில் மேலே மேலே படித்தவர்கள் சிங்கப்பூரின் சுவாங் யீ பதிப்பை நம்பித்தான் படித்தார்கள். அந்த நிறுவனம் இப்போது இல்லை. பழைய தொகுதிகளைப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடித்தான் நம் அலமாரியில் சேர்த்திருக்கிறோம். "எதற்கு இவ்வளவு செலவு" என்று கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இப்போது ஒரு வருத்தம். நான்கு முதல் ஏழு வரையிலான தொகுதிகள் யெல்லோவின் கதை. ரெட் காணாமல் போய், அவன் பிகாச்சு மட்டும் காயத்தோடு திரும்பி வர, வைக்கோல் தொப்பி போட்ட யெல்லோ என்ற பிள்ளை அவனைத் தேடிக் கிளம்புகிறது. எதிரி வேறு யாருமில்லை, கேமில் நாம் மரியாதையோடு எதிர்கொள்ளும் நான்கு உச்ச வீரர்கள். அந்தத் தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஏழாம் தொகுதி வரை பொத்தி வைத்திருப்பார் குசாகா. இதைக் குழுவாகப் படிக்க வேண்டும் என்று நான் ஜனவரியிலிருந்து காத்திருந்தேன். கூட்டத்துக்கு முந்திய வாரம் அலமாரியைத் திறந்தால் ஆறாம் தொகுதி இல்லை. எடுத்தவர் பதிவேட்டில் எழுதவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், எல்லோரும் பார்த்ததற்கு அடையாளம் இருக்கிறது, ஒருவரும் பதில் போடவில்லை. என் சொந்தப் பிரதியைக் கொண்டுவந்துதான் கூட்டத்தை நடத்தினேன். தொகுதி இன்னும் திரும்பி வரவில்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் செப்டம்பர் கூட்டம். யூமி த்சுகிரினோ சியாவோ இதழில் வரைந்த பத்துத் தொகுதி மங்காவை அன்றைக்கு வைத்திருந்தோம். ஹேசல் என்ற பெண் தனக்குப் பிடித்த பையனின் மனதைப் பெறப் போக்கிமான் பிடிக்கக் கிளம்பும் கதை. அறைக்கு வாடகை கட்டியாயிற்று, காப்பி சொல்லியாயிற்று. வந்தவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம் போல இருந்தது. "அது பெண்பிள்ளைகள் படிக்கிறது, அதான் வரவில்லை" என்று மறுநாள் ஒருவர் என்னிடம் சொன்னார். மங்கா வாசகர் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா? இந்த மங்காவில் போக்கிமான்கள் பேசும், கோபித்துக்கொள்ளும், பொறாமைப்படும், சண்டை என்பது அநேகமாக இல்லவே இல்லை. சண்டையே அடிப்படையான ஒரு கேமிலிருந்து சண்டையை எடுத்துவிட்டு பத்துத் தொகுதி நடத்துவது சாதாரணக் காரியமா? வந்திருந்த நம் அக்காமார் இருவர் அன்று பேசியதுபோல் இந்த ஆண்டு வேறு யாரும் பேசவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதோமி நகாமுராவின் 'போக்கிமான் ஸென்ஷோ' ஒரே தொகுதி, கேமை அப்படியே பின்பற்றுவது, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். ஷிகெகாட்சு இஹாராவின் எட்டுத் தொகுதி மங்காவில் நாயகன் ஹரேதா காட்டில் வளர்ந்த பையன், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. போக்கிமான் விளையாட்டுக் கார்டுகளுக்குப் படம் வரைபவரான காகெமாரு ஹிமெனோ, கார்டில் இருக்கும் போக்கிமான்களைப் பற்றித் தனித்தனிக் கதைகளாக வரைந்தது அழகு. வார இதழான ஷோனென் சண்டேயில் வந்த 'ரீபர்ஸ்ட்' மனிதனும் போக்கிமானும் ஒன்றாகிப் போரிடும் கதை, எட்டுத் தொகுதி. எனக்குப் பிடிக்கவில்லை. வளர்ந்த பையன்களுக்காக எழுதும் அவசரத்தில், போக்கிமான் மனிதனுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு உயிர் என்பதையே மறந்துவிட்டார்கள். மாற்றுக் கருத்து சொன்ன தம்பியின் வாதமும் குறிப்பேட்டில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. செலவில் பெரிய பங்கு தொகுதிகள் வாங்கியது, அடுத்தது அறை வாடகை, மற்றவை சில்லறை. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்க்கலாம். கையிருப்பு குறைந்ததற்குப் புத்தகம் வாங்கியதுதான் காரணம் என்று பேச்சு அடிபடுகிறது. உண்மையான காரணம் சந்தா. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை, சிலருக்குச் சென்ற ஆண்டு பாக்கியும் இருக்கிறது. மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு காப்பிக் காசுதான் வரும். பணம் அனுப்ப வேண்டிய பேநவ் எண் வாட்ஸ்அப் குழுவில் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. கட்ட முடியாத நிலைமை யாருக்காவது இருந்தால் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், யார் காதுக்கும் போகாது. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நன்றிகள். அறை கொடுத்த சமூக மன்றத்தாருக்கும், தலைவர் ஐயாவுக்கும், கணக்கைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கும், ஜப்பானிய மூலப் பக்கங்களை எங்களுக்காக வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொன்ன அண்ணனுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வடை கொண்டுவந்த அக்காவுக்கும் குழுவின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இதே முறையில் 'செல்டா' கேம் தொடரின் மங்காக்களை எடுக்கலாம் என்பது என் யோசனை. அகிரா ஹிமெகாவா என்ற பெயரில் இரண்டு பெண்கள் சேர்ந்து வரைந்த வரிசை அது. 'டுவைலைட் பிரின்செஸ்' மட்டுமே 11 தொகுதி. அங்கேயும் நாயகன் லிங்க் கேமில் பேசாதவன், அவனை எப்படிப் பேச வைத்தார்கள் என்று பார்க்க ஆசை. சிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு யூகியோ சவாதாவின் 'சூப்பர் மாரியோ-குன்' இருக்கிறது. ஆனால் இந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு எதையும் தொடங்க முடியாது. அறையைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கவும் என்னால் முடியாது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைக்கிறேன், செல்டா பட்டியலையும் சேர்த்தே தருகிறேன். யாரும் வராவிட்டால் நான்தான் தொடர வேண்டியிருக்கும், அப்படித் தொடர்ந்தால் பொதுக்கூட்டத்துக்குள் சந்தா வந்திருக்க வேண்டும், செப்டம்பரில் வராதவர்கள் அடுத்த கூட்டத்துக்காவது வர வேண்டும்.

ஆறாம் தொகுதி வைத்திருப்பவர் பெயர் சொல்ல வேண்டாம். சமூக மன்ற முகப்பில் ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டுப் போனால் போதும், நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்