பொதுக் கணக்குக் கண்காணிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொது நிறுவனங்களின் கணக்கை நம் சங்கம் படிக்கும் வரிசையை இவ்வாண்டு தலைகீழாக மாற்றியிருக்கிறோம். முன்பெல்லாம் ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் இறுதிக் கணக்கில்) தொடங்குவோம். கையாடலை மறைத்த பிறகு தயாராவது ஐந்தொகை. அதில் எல்லாம் பொருந்தித்தான் இருக்கும். இனி முதலில் வங்கி, அடுத்து வவுச்சர் (செலவுச் சீட்டு), கடைசியில்தான் ஐந்தொகை.

காரணத்துக்கு அமெரிக்காவின் டிக்சன் நகரம் ஒன்றே போதும். சுமார் 16,000 பேர் வாழும் ஊர். அதன் நிதிப் பொறுப்பாளர் ரீட்டா கிரண்ட்வெல் 1990இல் நகரத்தின் பெயரிலேயே ரகசியக் கணக்கு தொடங்கி, மாநில அரசுக்குச் செலுத்தவேண்டியது என்று போலி பில்கள் போட்டு, 2012க்குள் 5.37 கோடி டாலர் சுருட்டினார். தணிக்கை ஆண்டுதோறும் நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் விடுப்பில் இருந்தபோது வேலையைப் பார்த்த அலுவலர், எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் வங்கியிடம் கேட்டார். குட்டு உடைந்தது. தணிக்கையாளர்களும் வங்கியும் பின்னர் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டனர்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது அலுவலகம் நீட்டும் நகலை அல்ல. நிறுவனத்தின் பெயரில் உள்ள அத்தனை கணக்குகளின் பட்டியலையும், மூடியவை உட்பட, வங்கி நேரடியாகத் தணிக்கையாளருக்கு அனுப்பியதா என்று கேட்கவேண்டும். பிறகு ரொக்கப் புத்தகத்தை வங்கி வரவோடு தேதிவாரியாக ஒப்பிட வேண்டும். 3ஆம் தேதி வசூல் 12ஆம் தேதி வங்கியில் ஏறினால், இடைப்பட்ட நாட்களில் பணம் எங்கே இருந்தது? இன்றைய வசூலில் நேற்றைய பற்றாக்குறையை அடைப்பவர் விடுப்பே எடுக்கமாட்டார். எடுத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

ரத்தான ரசீது என்றால் மூலமும் அடிக்கட்டையும் சேர்ந்தே இருக்கவேண்டும். அடிக்கட்டை மட்டும் இருந்தால் அந்த வரவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொள்முதலில், தொகைகளை ஏறுவரிசையில் அடுக்கினாலே பாதி வேலை முடிந்தது. டெண்டர் வரம்பு 1,00,000 என்றால் 98,500, 99,200, 99,750 என்று ஒரே வாரத்தில் ஒரே ஒப்பந்தக்காரருக்குப் போனவை அருகருகே வந்து நிற்கும். மூன்று விலைப்புள்ளிகளிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் மூன்றையும் எழுதிய கை ஒன்றே என்று சந்தேகிக்கலாம். பென்ஃபோர்டு விதியைப் (இயல்பாகச் சேரும் பல தொகைகளில் முதல் இலக்கம் 1 ஆக வருவது சுமார் 30 சதவீதம்; அதிலிருந்து விலகினால் சந்தேகம்) பலர் ஆவலோடு பயன்படுத்தினார்கள். நிலையான கட்டணங்கள் உள்ள பதிவேட்டுக்கு அது பொருந்தாது. பொருந்துமிடத்திலும் அது சாட்சியம் ஆகாது.

புகார் எழுதும்போது ‘ஊழல்’, ‘கொள்ளை’ என்ற சொற்கள் வேண்டாம். வவுச்சர் எண், தேதி, தொகை, மீறிய விதி ஆகிய நான்கும் போதும். ஒரு புகாரில் ஒரே செலவு. பத்தைச் சேர்த்தால், சுலபமான ஒன்றுக்கு விளக்கம் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். பொருள் வாங்காமலே பில் போட்டதையும் அதிக விலைக்கு வாங்கியதையும் கலக்காதீர்கள். முன்னது மோசடி, பின்னது நிர்வாகக் கோளாறாகவும் இருக்கலாம். சான்றளித்த நகல் கைக்கு வருமுன் புகார் கொடுக்கவும் வேண்டாம். மூல ஆவணம் காணாமல்போகும்.

நம் சங்கத்துக்கும் இதே விதிதான். காசோலையில் கையெழுத்திடாத உறுப்பினர் இருவர் இனி மாதந்தோறும் வங்கி அறிக்கையை நேரில் பெறவேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைத்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்