டிராகனை அளவோடு உடை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் எக்ஸெல் தாளும் வந்து சேர்ந்தன. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி ஆட்டத் தொடரின் உலகத்திலேயே ஆட்டம் தொடங்கப் போகிறாய், அதற்காக அந்த உலகத்து வரலாற்றை ஆண்டுவாரியாகத் தாளில் ஏற்றியிருக்கிறாய் என்பது நல்ல சேதி. தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டேன். ஆண்டுகளைப் பெரும்பாலும் சரியாகத்தான் எடுத்திருக்கிறாய். ஆனால் இரண்டு ஆண்டுகள் முட்டிக்கொள்கிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'டிராகன் பிரேக்', அதாவது காலமே முறிந்து முரணான நிகழ்வுகள் எல்லாமே நடந்துவிட்டன, என்று எழுதி நகர்ந்துவிட்டாய். எண்ணிப் பார்த்தேன், பதினேழு இடம். அதில் இரண்டுக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. மற்ற பதினைந்தும் வேறு வேறு நோய். எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம் சரிவராது.

தகுதியுள்ள இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று டாகர்ஃபால். 1996-இல் வந்த ஆட்டம். கதையின் கடைசியில் நியூமிடியம் என்ற பித்தளை ராட்சதனை ஆட்டுவிக்கும் டோட்டம் என்ற மந்திரப் பொருள் நம் கைக்கு வருகிறது. அதை டாகர்ஃபால், சென்டினல், வேரெஸ்ட் அரசுகளில் ஒன்றுக்குக் கொடுக்கலாம். ஆர்க் தலைவன் கார்ட்வாக்குக்கு, பேரரசரின் உளவுப்படையான பிளேட்ஸுக்கு, மந்திரவாதி மன்னிமார்க்கோவுக்கு, இல்லையென்றால் சாவுக்கு ஏங்கும் அண்டர்கிங்குக்கும் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு. மற்ற ஆட்டத் தொடர்களில் அடுத்த பாகம் ஒரு முடிவை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிடும். டாகர்ஃபாலுக்குப் பின் வந்த ஆட்டங்களை எழுதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் யுகம் 417, ஃப்ராஸ்ட்ஃபால் மாதத்தில் நியூமிடியம் விழித்தபோது காலமே முறிந்தது, எல்லா முடிவுகளும் நடந்தேறின என்று அறிவித்துவிட்டார்கள். அதுதான் 'வார்ப் இன் தி வெஸ்ட்'. நாற்பதுக்கு மேற்பட்ட குட்டி அரசுகள் இருந்த இலியாக் வளைகுடாவில் மறுநாள் மிஞ்சியவை நாலே நாலு: டாகர்ஃபால், சென்டினல், வேரெஸ்ட், ஆர்க்குகளின் ஆர்சினியம். அண்டர்கிங் விரும்பிய சாவு அவனுக்குக் கிடைத்தது. மன்னிமார்க்கோ தெய்வமானான். அதே மன்னிமார்க்கோ பின்னால் வந்த ஆப்லிவியன் ஆட்டத்தில் ஒரு குகைக்குள் சதையும் எலும்புமாக நின்று நம் கையால் சாகவும் செய்கிறான். இரண்டும் உண்மை.

ஆகவே தாளில் நீ போட்டிருக்கும் ஏழு வரிகளையும் அழித்துவிட்டு ஒரே வரி போடு. நிகழ்வு ஒன்று, தேதி ஒன்று. பக்கத்தில் 'மிஞ்சியது' என்று ஒரு கட்டம் வைத்து, விடிந்த பிறகு கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுது. "எந்த முடிவு நிஜம்?" என்று உன் ஆட்டக்காரர்கள் கேட்பார்கள். "விடிந்ததும் வரைபடத்தில் என்ன இருந்தது?" என்று திருப்பிக் கேள். அதற்கு மட்டும்தான் பதில் உண்டு.

இரண்டாவது மிடில் டான். முதல் யுகம் 1200-இலிருந்து 2208 வரை, ஆக 1,008 ஆண்டுகள். மருக்காத்தி என்ற மதவெறிக் கூட்டம், காலத்தின் தெய்வமான அகடோஷிடம் ஒட்டியிருக்கும் எல்ஃப் அம்சத்தைப் பிரித்தெடுக்கப் போய்க் காலத்தையே உடைத்துவிட்டது. 2002-இல் வந்த மாரோவிண்ட் ஆட்டத்தில் கிடைக்கும் சாட்சியப் புத்தகம் ஒன்றில் கஜீத் இனத்துக்காரன் ஒருவன் சொல்வதைக் கவனி: மற்றவர்கள் தங்கள் அப்பன்களையே பெற்றெடுத்துக் கொண்டிருந்த காலத்தில், மாறாமல் இருந்தவை நிலவுகள் மட்டுமே, அவற்றைப் பார்த்து 1,008 என்று எண்ணியது நாங்கள்தான் என்கிறான். இன்னொரு புத்தகத்தில் ஃபால் ட்ரூன் என்ற அறிஞர் அதைக் குப்புறக் கவிழ்க்கிறார். மருக்காத்தி கூட்டம் கிளைத்த அலெஸ்ஸிய மதத்தின் குருமார்கள் 'ஆண்டு' என்று எழுதியது தலைமைப் பூசாரிணியின் தியான மயக்கத்தைத்தான், அது சில வாரமும் இருக்கும், சில மாதமும் இருக்கும், அது தெரியாமல் தொகுப்பாசிரியர் கூட்டிவிட்டார், உண்மையில் 150 ஆண்டு போல்தான் என்பது அவர் வாதம். ஆட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு ஆவண ஆராய்ச்சி வைத்திருக்கிறார்களே, அதற்காகவே இந்த உலகத்தை எனக்குப் பிடிக்கும்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாதே. ஆனால் அதனால் கணக்கில் என்ன ஆகிறது என்று தெரிந்து வைத்துக்கொள். யுகங்களின் நீளம் இது: முதல் யுகம் 2,920 ஆண்டு, இரண்டாம் யுகம் 896, மூன்றாம் யுகம் 433. எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக எண்ண வேண்டுமானால் இரண்டாம் யுகத்து ஆண்டோடு 2,920-ஐயும், மூன்றாம் யுகத்தோடு 3,816-ஐயும், நான்காம் யுகத்தோடு 4,249-ஐயும் கூட்டு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் நடக்கும் இரண்டாம் யுகம் 582 என்பது 3,502. மாரோவிண்ட் தொடங்கும் மூன்றாம் யுகம் 427 என்பது 4,243. ஸ்கைரிமின் நான்காம் யுகம் 201 என்பது 4,450. புது யுகம் சுழியில் தொடங்குகிறதா ஒன்றில் தொடங்குகிறதா என்பதில் ஆளாளுக்கு ஒரு வழக்கம், அதனால் யுகம் மாறும் இடத்தில் ஓர் ஆண்டு முன்பின் ஆவதைப் பிழையாக எண்ணாதே.

இப்போது ட்ரூன் சொல்வது சரியென்றால் இந்த ஓட்டத்தில் 858 ஆண்டு காற்றடைத்த பை. 1200-க்கு முன்னால் ஒரு முனையும் 2208-க்குப் பின்னால் ஒரு முனையும் உள்ள கணக்கு எதுவானாலும் அந்த 858 அதில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனையும் பிந்திய பக்கத்தில் இருந்தால் ஒரு பாதிப்பும் இல்லை. மாரோவிண்டில் வரும் டிவாயத் ஃபிர் என்ற கிழட்டு மந்திரவாதிக்கு நாலாயிரம் வயது என்பார்கள். 4,243-இல் 4,000 போனால் முதல் யுகம் 243-இல் பிறந்தவர். 858-ஐக் கழித்துவிட்டால் முதல் யுகம் பிறப்பதற்கே 615 ஆண்டு முன்னால், மெரித்திக் யுகத்தில் போய் விழுகிறார். அதனால் வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்குப்போட்டுத் தாளில் ஏற்றாதே. நீ அப்படி மூன்று பேருக்குச் செய்திருக்கிறாய், எடுத்துவிடு. ஆண்டு எண் என்பது ஒரு பெயர்ச்சீட்டு. அளவுகோலாக அதைப் பிடித்தால் இப்படித்தான் கையில் முறியும்.

இனி மற்ற பதினைந்து.

சிலது ஆள் பொய் சொல்வதால் வரும் முரண். ரெட் மவுன்டன் போரையே எடுத்துக்கொள். முதல் யுகம் 668 என்று ஒரு பக்கம், 700 என்று ஒரு பக்கம். அதில் படை நடத்திய நெரெவார் எப்படிச் செத்தான் என்பதில் அதைவிட மோசம்: போரில் பட்ட காயத்தில் போனான் என்கிறது கோவில் தரப்பு, கூட இருந்த மூவரே கொன்றார்கள் என்கிறார்கள் ஆஷ்லாண்டர் என்ற நாடோடிக் குலத்தார். அந்த மூவர்தான் பின்னால் கோவிலில் தெய்வமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்காதே. இங்கே காலம் முறியவில்லை. சாட்சிகள்தான் முறிகிறார்கள். நிகழ்வுக்கு '668–700' என்று வீச்சாகப் போடு. சாவுக்குத் தனித்தனி வரி, ஒவ்வொன்றிலும் சொன்னவர் பெயர். இதற்கு டிராகன் பிரேக் போட்டாயானால் ஒரு கொலைக் குற்றச்சாட்டை நீயே தள்ளுபடி செய்த மாதிரி. மாரோவிண்ட் கதையின் உயிரே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

இன்னும் சிலது நூலின் தன்மையைப் பார்க்காததால் வந்தவை. '2920, முதல் யுகத்தின் கடைசி ஆண்டு' என்ற பன்னிரண்டு பாகப் புத்தகத்திலிருந்து நாள், மாதம் வாரியாக நிறைய எடுத்திருக்கிறாய். அது அந்த உலகத்துக்குள்ளேயே ஒருவர் எழுதிய சரித்திர நாவல், மாதத்துக்கு ஒரு பாகம். பேரரசன் மூன்றாம் ரேமன் அந்த ஆண்டு கொல்லப்பட்டான் என்பதை வேறு இடங்களும் சொல்கின்றன, அதை வை. இன்ன நாள் இரவில் இன்னார் இன்னாரிடம் இப்படிப் பேசினார் என்பதையெல்லாம் தேதியாக்காதே.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வகை. பேரரசின் நடுநாடான சைரோடிலின் காடு. 1998-இல் ரெட்கார்ட் ஆட்டத்தோடு வந்த கையேடு சைரோடிலை அடர்ந்த மழைக்காடு என்றது. 2006-இல் ஆப்லிவியன் வந்தபோது பார்த்தால் புல்வெளியும் குளிர்நாட்டு மரங்களும். ஆப்லிவியனுக்குள்ளேயே ஒரு புத்தகம், செங்கோமகன் ஒருவன் தன் நாட்டின் காட்டை மாற்றியமைத்தான் என்று கோடிகாட்டியது. அந்தக் கோமகன் மூன்றாம் யுகப் பேரரசை நிறுவிய டைபர் செப்டிம் என்று ரசிகர்கள் வைத்துக்கொண்டார்கள். 2014-இல் ஆன்லைன் ஆட்டம் வந்தது. அது நடப்பது 582-இல், டைபர் செப்டிம் பிறப்பதற்கு முன்னால். அங்கேயும் காடு இல்லை. ஆக மாற்றம் பின்னோக்கியும் பாய்ந்தது என்று சொல்லவேண்டி வருகிறது. அதே ஆட்டத்தில், 'காடு' என்பது படியெடுத்தவரின் கைப்பிழை என்ற அறிஞர் தரப்பும் வைத்துவிட்டார்கள். மூன்றில் எதை எடுத்தாலும் ஆட்டம் ஓடும். தாளில் மட்டும் இதை நிகழ்வாக ஏற்றாதே. 'கையேட்டின் கூற்று' என்று எழுது. அந்தக் கையேடு, கதைக்கணக்கில், இரண்டாம் யுகம் 864-இல் பேரரசு அச்சிட்ட பிரசாரம். ஓரத்தில் ஓர் எல்ஃப் கிறுக்கிய குறிப்புகளும் உண்டு. இதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதி வேண்டும் என்கிறேன்: நூல் கதைக்குள் எழுதப்பட்ட ஆண்டு, நம் கடையில் விற்பனைக்கு வந்த ஆண்டு. இரண்டாவதைப் பார்த்தாலே பாதி முரண்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

இயந்திரத்தால் வரும் முரணும் உண்டு. டாகர்ஃபாலில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360. பிற்கால ஆட்டங்களில் நம் மாதங்களைப் போல 31, 28 என்று போய் 365. டாகர்ஃபால் கதை மூன்றாம் யுகம் 405-இல் தொடங்கி 417 வரை போகிறது, அந்தப் பன்னிரண்டு ஆண்டில் 60 நாள் இடிக்கும். ஆகவே ஸ்கைரிமின் தொடக்க நாளான லாஸ்ட் சீட் மாதம் 17, சன்டாஸ் கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணி டாகர்ஃபாலுக்குக் கிழமை கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம். அதுபோல ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரமும் வரலாறு ஆகாது. ஸ்கைரிமில் ஒரு நாள் நமக்கு 72 நிமிடம், ஆப்லிவியனிலும் மாரோவிண்டிலும் 48. நூறு மணிநேரம் சுற்றினால் ஸ்கைரிமில் 83 நாள்தான் போயிருக்கும், தூங்கியதும் வேகப் பயணமும் தனி. தொடங்கும் நாள் மட்டும் நிலையானது: மாரோவிண்ட் 16 லாஸ்ட் சீட், ஆப்லிவியன் 27 லாஸ்ட் சீட். அதற்குப் பிறகு நடப்பதற்கெல்லாம் 'அதே ஆண்டு அல்லது பிறகு' என்று போடு.

கடைசியாக, உன் தாள் வரிசைப்படுத்தினால் ஏன் குழம்புகிறது என்று கேட்டிருந்தாய். நீ யுக எண், நடுவில் ஆங்கில ஈ எழுத்து, பிறகு ஆண்டு என்று இடைவெளியே விடாமல் அடித்திருக்கிறாய். எக்ஸெலுக்கு அது பத்தின் அடுக்கு. நான்காம் யுகம் 201 என்பதை அது 4-க்குப் பின்னால் 201 சுழி என்று படிக்கிறது. நான்காம் யுகம் 5, அதாவது ரெட் மவுன்டன் வெடித்த ரெட் இயர், அதற்கு நாலு லட்சம். அடுக்கு 307-ஐத் தாண்டினால் அதன் எல்லை முடிந்துவிடும். அதனால் 427, 433, 582 எல்லாம் வெறும் எழுத்தாக நிற்கின்றன. ஏறுவரிசையில் எண்கள் முதலில், எழுத்துகள் பிறகு. உன் தாளில் ஸ்கைரிம் முதல் யுகத்துக்கு மேலே போய் உட்கார்ந்திருப்பதற்கு டிராகன் பொறுப்பல்ல. யுகத்துக்கு ஒரு நெடுவரிசை, ஆண்டுக்கு ஒன்று, கூட்டிவந்த ஓட்ட எண்ணுக்கு ஒன்று, மெரித்திக் யுகத்துக்குக் கழித்தல் குறி. ஓட்ட எண்ணை வைத்து வரிசைப்படுத்து. அந்த எண்ணை ஆட்டக்காரர்களுக்குக் காட்டாதே, கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

திருத்திய தாளை அனுப்பு. ஆன்லைன் ஆட்டம் நடக்கும் 582-க்கான வரிகளை நான் இன்னும் கவனமாகப் பார்க்கவில்லை. அதில் மோதும் மூன்று கூட்டணிகளின் கதையையும் அடுத்தடுத்த மாதங்களில் பிரித்து வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. அதற்கு ஆட்டத்தில் எந்த வரியை ஆதாரமாக எடுத்தாய் என்றும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ரகு