சட்டையில் பெயர் இல்லாத நாட்களுக்கும் நன்றி

பச்சை வெள்ளைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கென்யாவின் கால்பந்து கிளப்பான நம் கோர் மஹியாவின் வெற்றிகளைப் பாட நைரோபியிலும் கிசுமுவிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வெற்றிகளுக்குக் கைகொடுத்தவர்களை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்ற உறுத்தல் எனக்கு வெகுநாளாக உண்டு. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நம் சட்டையில் பெயர் போட்டு ஆதரவளித்த ஸ்போர்ட்பெசா என்ற விளையாட்டுப் பந்தய (பெட்டிங்) நிறுவனத்துக்கு. பந்தயத் தொழிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் பெற்ற உதவியை மறைக்க மனம் வரவில்லை. அவர்கள் நடத்திய கோப்பையை 2017இல் வென்றதால்தான், அந்த ஜூலை 13 அன்று தான்சானியாவின் தார் எஸ் ஸலாமில் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்பை எதிர்த்து நம் பிள்ளைகள் களமிறங்கினார்கள். எவர்ட்டனுக்குத் திரும்பி வந்த வேய்ன் ரூனிக்கு அதுதான் முதல் ஆட்டம். வெகுதூரத்திலிருந்து அவர் அடித்த கோலை உலகமே பேசியது. சில நிமிடங்களில் ஜாக் துயிசெங்கே தலையால் முட்டிச் சமன் செய்ததை நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்! கடைசியில் 2-1 என்று தோற்றோம். அந்தத் தோல்விக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. மறு ஆண்டு அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் கென்யாவின் நகுருவில் தான்சானியாவின் சிம்பா அணியை 2-0 என்று வென்று, நவம்பரில் எவர்ட்டனின் அன்றைய சொந்த மைதானமான குடிசன் பார்க்வரை போனோம்.

2019 ஆகஸ்டில், உரிமச் சிக்கலால் அந்த நிறுவனம் கென்ய விளையாட்டுக்கான ஆதரவு முழுவதையும் நிறுத்திக்கொண்டது. சட்டையின் முன்பக்கம் வெறுமையானது. எனக்கு நன்றி பெருக்கெடுப்பது இந்த இடத்தில்தான்.

வீரர்களே, சம்பளம் வராத மாதங்களிலும் பயிற்சிக்கு வந்தீர்கள். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும்போது காலையில் எழுந்து பூட்ஸைக் கட்டுவது எத்தனை பெரிய காரியம் என்பதைக் கூலிக்கு உழைக்கும் எவரும் அறிவர். வேறு கிளப்புக்குப் போனவர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை; குடும்பம் முதலில். கொரோனாவால் அந்தப் பருவம் பாதியில் நின்றபோது பட்டியலின் உச்சியில் இருந்தது நம் அணி. அதனால் நமக்குக் கிடைத்த 19ஆவது லீக் பட்டத்தைத்தான் எல்லாப் பட்டங்களிலும் உயர்ந்ததாக மதிக்கிறேன்.

கைபேசிவழிப் பணம் அனுப்பும் எம்-பெசாவில் ஐம்பதும் நூறுமாக ஷில்லிங் அனுப்பிய ரசிகர்களே, உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. ஆப்பிரிக்கக் கண்ட அளவிலான கிளப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் பயணச் செலவு கிளப்பின் தலையில்தான் விழும். அல்ஜீரியாவரை ஓர் அணியை அனுப்பிக் கூட்டிவருவது சின்னச் செலவா? ஹரம்பே என்பது கென்யா முழுவதும் அறிந்த சொல். ஊர் கூடித் தேர் இழுப்பதுதான் அதன் பொருள். நீங்கள் இழுத்தீர்கள், தேர் நகர்ந்தது.

2020இல் புதிய ஆதரவாளராக முன்வந்த பெட்சேஃப் என்ற பந்தய நிறுவனத்துக்கும் நன்றி.

நம் பரம எதிரணியான ஏஎஃப்சி லெப்பர்ட்ஸின் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் இரு அணிகளின் மோதலுக்கு மாஷெமேஜி என்று பெயர். மைத்துனன்மார் ஆட்டம் என்று சொல்லலாம். நம் பக்கத்து லுவோ இனத்தார் வீட்டிலும் அவர்கள் பக்கத்து லுஹ்யா இனத்தார் வீட்டிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு அது. ஒரே ஆதரவாளர் ஒரே நாளில் கைவிட்டதால் உங்கள் சட்டையும் அன்று வெறுமையானது. நீங்களும் பசியோடு வந்துதான் எங்களோடு மல்லுக்கட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

இனி மூத்தவர்கள். 1987இல் துனிசியாவின் எஸ்பெரான்ஸ் கிளப்பை துனிசில் 2-2, நைரோபியில் 1-1 என்று மடக்கி, வெளியூர் கோல் கணக்கில் ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை (கிளப்புகளுக்கானது) கொண்டுவந்த, ஆஸ்டின் ஒடூர் தலைமையிலான அணி. அந்த அணியில் ஆடிய பீட்டர் டாவோவின் பெயரைக் கேட்டாலே என் வயதுக்காரர்களுக்குக் கண் கலங்கும். 1995க்குப் பிறகு 2013வரை, 18 ஆண்டுகள் லீக் பட்டம் இல்லாமல் இருந்தோமே, அந்த வறட்சியில் எங்களை மைதானத்துக்கு வரவழைத்துக்கொண்டிருந்தது உங்கள் நினைவுதான். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

அடுத்த ஆட்டத்தன்று வழக்கம்போல நைரோபியின் மோய் அவென்யூவில் டாம் எம்போயா சிலையடியில் பச்சைச் சட்டையோடு நிற்பேன். அந்த நாட்களில் ஐம்பது ஷில்லிங் அனுப்பியவர் யாராக இருந்தாலும் வந்து தோளைத் தட்டுங்கள். உங்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
கோகாலோ (கோர் மஹியாவின் செல்லப் பெயர்) ரசிகன் ஒருவன்